நான் ஒதுங்கிய காரணம்

முதலில் அரிக்கவில்லை, எரிந்தது. வலது இடுப்பில், பாவாடை நாடா படும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, காய்ந்த தோசைக் கரண்டியை வைத்து எடுத்தது போல ஒரு எரிச்சல். மகளின் வளைகாப்பு அடுத்த வாரம். கலவை சாதம் கட்டிக்கொண்டு போவதற்காகப் பெரிய பாத்திரங்களைப் பரணிலிருந்து நானே இறக்கியிருந்தேன். அதில்தான் பிடித்துக்கொண்டிருக்கும் என்று தைலத்தைத் தேய்த்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டேன். எட்டின வரைக்கும்தான் தேய்த்தேன். தனியாக இருப்பவர்களுக்கு முதுகில் ஓர் இடம் எப்போதும் எட்டாது.

மறுநாள் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. பீரோ கண்ணாடி முன் திரும்பி நின்று, கழுத்து வலிக்க எட்டிப் பார்த்தேன். முதுகெலும்பின் ஓரத்தில் தொடங்கி, இடுப்பைப் பாதி சுற்றி, தொப்புள் வரை ஒரே பட்டையாக நீர்க்கொப்புளங்கள். நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. யாரும் எனக்குப் பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊரில் இதை அக்கி என்பார்கள். நான் முனைவர் பட்டம் வாங்கியதே இந்த வைரஸை வைத்துத்தான். அதனால் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆய்வகத்தில் அதைச் செல்களில் வளர்த்து, அந்தச் செல்களைப் பட்டினி போட்டு, சாயம் ஏற்றி வருடக்கணக்கில் வேடிக்கை பார்த்தவள் நான். இப்போது என் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

சிரிப்பு நின்றதும் மகள் ஞாபகம் வந்தது. ஈரத்துண்டோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். சின்ன வயதில் உடம்பெங்கும் கொப்புளமாக வரும் அம்மைக்கும், நடுவயதுக்கு மேல் ஒரு பக்கமாக வரும் அக்கிக்கும் காரணம் ஒரே வைரஸ். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையைக் கழற்றிப் போட்ட பிறகும் அது உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுக்குள் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்கிறது. எத்தனையோ வருடம் கழித்து, உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து, அந்த ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு இறங்கி வருகிறது. அக்கிக் கொப்புளத்தின் நீர், அம்மையே வராத ஒருவர் மேல் பட்டால் அவருக்கு அம்மை வரலாம். என் மகளுக்கு அம்மை வந்ததில்லை. எங்கள் தெருவே படுத்துக் கிடந்த வருடத்தில்கூட அவள் உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். இந்த நேரத்தில் அம்மை வந்தால் நுரையீரலைப் பிடித்து ஆளையே சாய்த்துவிடக்கூடும். வயிற்றுப் பிள்ளைக்கும் நல்லதில்லை.

அந்த வளைகாப்பு எனக்கு எப்பேர்ப்பட்ட வளைகாப்பு என்பதையும் சொல்ல வேண்டும். என் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அதனால் வளைகாப்பில் என் வேலை கலவை சாதம் கிண்டுவதோடு முடிந்துவிடும். வளையல் போடுவது சுமங்கலிகள் மட்டும். இதை யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். "மதினி, நீங்க அங்கிட்டுப் பந்தியப் பாத்துக்கங்க" என்று அன்பாகச் சொல்வார்கள். அந்த அன்புதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மகளின் கல்யாணத்திலேயே இப்படித்தான் அனுப்பினார்கள். கல்யாணம் நல்லபடி முடியட்டும் என்று அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டேன். இந்த முறை மகள் விடவில்லை. கறம்பக்குடியில் மாமியார் வீட்டுக் கூடத்தில், எல்லோரும் உட்கார்ந்து நாள் குறிக்கும்போது சொல்லிவிட்டாள்.

"மொத வளையல் எங்கம்மாதான் போடணும் அத்தை. இல்லைன்னா எனக்கு வளைகாப்பே வேண்டாம்."

சம்பந்தியம்மா சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். முதல் பேரப்பிள்ளை நல்லபடியாக வந்து சேர வேண்டுமே என்ற பயம். பிறகு அவரே போன் செய்தார். "புள்ளத்தாச்சி மனசு நோகக்கூடாது மதினி. நீங்களே போடுங்க" என்றார். போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தேன். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் இந்த அக்கி வந்து படர்ந்தது.

புதுக்கோட்டையில் தோல் டாக்டரைப் பார்த்தேன். என் மாணவர்களைவிடக் கொஞ்சம்தான் மூத்த பையன். பார்த்ததும் அசைக்ளோவிர் எழுதினார். நான் மகளைப் பற்றிக் கேட்டேன்.

"அவங்களுக்கு அம்மை வந்ததே இல்லைன்னு உறுதியா தெரியுமா மேடம்? ரத்தத்துல எதிர்ப்பு இருக்கான்னு ஒரு டெஸ்ட் இருக்கு. சாம்பிள் சென்னைக்குப் போயித்தான் வரணும்."

"வளைகாப்புக்கு முந்தி வந்துருமா?"

"வராது மேடம். நல்லா துணி போட்டு மூடிக்கிட்டீங்கன்னா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா பொருக்குக் கட்டுற வரைக்கும் பக்கத்துல போகாம இருக்கறது நல்லது."

பெரும்பாலும். என் ஆய்வேட்டில் பக்கத்துக்கு ஒரு தடவை நான் எழுதிய சொல் அது. பெரும்பாலும் இந்தச் செல்கள் இப்படி நடந்துகொள்கின்றன, பெரும்பாலும் வைரஸ் குறைகிறது என்று. அதை எழுதுவது சுலபம். சொந்த மகளை அந்தச் சொல்லுக்குள் கொண்டுபோய் உட்கார வைப்பது வேறு விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மகளைக் கறம்பக்குடியிலேயே ரத்தம் கொடுக்கச் சொல்லிவிட்டு, கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அன்னவாசலில் என் வீட்டில் வந்து கிடந்தேன்.

ஒற்றை ஆள் வீட்டுச் சமையல் ஒரு தனி ரகம். புதிதாக எதையும் அடுப்பில் ஏற்றத் தோன்றாது. பழைய குழம்பு, புளித்த மாவு, பாதி வெட்டி வைத்த கோஸ் என்று இருப்பதைத் தின்றே பொழுது போய்விடும். செல்லும் பசி வந்தால் இதைத்தான் செய்கிறது. பழசாகிப்போன, உடைந்துபோன தன் உறுப்புகளை இரட்டைச் சுவர் வைத்த ஒரு பைக்குள் சுருட்டி, செரிக்கும் அறைக்கு அனுப்பி, கரைத்து, அதிலிருந்தே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. வகுப்பில் இதை ஆட்டோஃபேஜி என்று நடத்துகிறேன். தன்னைத் தானே தின்னுதல். பிள்ளைகள் பயந்துவிடாமல் இருக்க, பொங்கலுக்கு முன்னால் வீடு ஒழிப்பது மாதிரி என்று சொல்வேன்.

இந்தப் பையில் சில சமயம் வைரஸும் மாட்டிக்கொள்ளும். அப்போது அதுவும் குப்பையோடு குப்பையாகக் கரைந்துபோகும். அதனால் சில வைரஸ்கள் உள்ளே நுழைந்ததுமே இந்த வேலையை நிறுத்தப் பார்க்கின்றன. அம்மை வைரஸின் பங்காளி ஒன்று உண்டு, உதட்டோரத்தில் கொப்புளம் கிளப்புவது. அதனிடம் இதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. அம்மை வைரஸிடம் அது இல்லை. அது வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டது. செல் தன் பாட்டுக்கு வீடு ஒழித்துக்கொண்டிருக்க, அந்தச் சந்தடியிலேயே தன் காரியத்தைப் பார்த்துக்கொள்கிறது. அக்கிக் கொப்புளத்துச் செல்லைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தப் பைகள் அப்பியிருக்கும். ஆய்வகத்தில் செல்லின் தன்னுண்ணலைத் தடுத்தால், வெளியே வரும் வைரஸும் சோனியாக வருகிறது. வீட்டைச் சுத்தம் செய்வதே திருடனுக்குக் கை கொடுப்பதாக ஆகிவிடுகிறது. நான் பார்த்துப் பார்த்து எழுதியது இதைத்தான்.

நரம்புச் செல்லின் கதை இன்னும் மோசம். தோலில் ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்தால் அது செத்து ஒழியலாம். கீழேயிருந்து இன்னொன்று மேலே வரும். நரம்புச் செல்லுக்கு மாற்று ஆள் கிடையாது. அது செத்தால் செத்ததுதான். அதனால் இந்த வகை வைரஸ்கள் வந்தால் நரம்புச் செல்லால் வீட்டோடு சேர்த்துக் கொளுத்தவும் முடியாது, விட்டு ஓடவும் முடியாது. சத்தம் போடாமல் உள்ளுக்குள்ளேயே தின்று செரித்துச் சமாளிக்கப் பார்க்கிறது. வகுப்பில் இதை நடத்தும்போது எனக்கு எதுவும் தோன்றியதில்லை. காய்ந்த தோசையைத் தின்றுகொண்டு தனியாக உட்கார்ந்திருந்தபோது, நானும் இத்தனை வருடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்று தோன்றியது. அழுகையாக வந்தது. அழுதேன்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்தாள். உரக்கடைக்காரர் மனைவி. மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"மாத்திரையெல்லாம் சரிங்க டீச்சர். அக்கி எழுதாம எப்படி அமரும்?"

அவள் ஸ்கூட்டியிலேயே என்னைக் குயவர் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு வீட்டில் ஒரு பெண் அக்கி எழுதுவாள். உங்களுக்கு அம்மை வந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டேன். "சின்னதுல வந்து கெடந்தேங்க" என்று சிரித்தாள். டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. கண் பாதி அதில் இருக்க, கொட்டாங்கச்சியில் காவியைக் குழைத்து, கோழியிறகில் தொட்டு என் இடுப்பில் பூசினாள். அதன் மேல் ஒரு சிங்கம் வரைந்தாள். சிங்கத்தைப் பார்த்தால் அக்கி ஓடிவிடுமாம். கண்ணாடியில் பார்த்தேன். பால் குடிக்க வந்த பூனை மாதிரி இருந்தது.

அது மருந்து இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஈரக் காவி பட்டபோது எரிச்சல் ஒரு நிமிடம் அடங்கியது. ஆடாமல் இருக்க அவள் தன் இடது கையை என் முதுகில், எனக்கு எட்டாத அந்த இடத்தில், ஊன்றியிருந்தாள். என்னை யாரும் தொட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. மருந்துக்காகவா போனாய் என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். அந்தக் கைக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

மகள் வளைகாப்பைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். அக்கி எழுதியவள் இறகைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அக்கி சூட்டுல வாரதுங்க. அம்மைதான் ஒட்டும், அக்கி ஒட்டாது. தாராளமா போயி வளையலப் போட்டுட்டு வாங்க."

எல்லோரும் போ என்றுதான் சொன்னார்கள். டாக்டரே பெரும்பாலும் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து, பருத்தித் துணியைச் சுற்றி, அதன் மேல் சேலையைக் கட்டிப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. எட்ட நின்று, கையை மட்டும் நீட்டி, ஒரே ஒரு வளையல் போட்டுவிட்டு வந்துவிடலாம். ஆனால் போட்டதும் அவள் என்னைக் கட்டிக்கொள்வாள். என்னாலும் தள்ளிவிட முடியாது. எங்கள் இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். கட்டிய சேலையை அவிழ்த்துவிட்டுப் போனை எடுத்தேன்.

மகளிடம் நான் வரவில்லை என்று சொன்னேன். "நாளைத் தள்ளி வைக்கலாமாம்மா?" என்றாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவள் கணவனுக்கு லீவு முடிகிறது. தள்ளி வைக்க வழியில்லை என்று அவளுக்கே தெரியும். "அத்தைட்ட நீயே சொல்லும்மா. நான் சொன்னா அழுதுருவேன்" என்று வைத்துவிட்டாள்.

சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அக்கி, அம்மை, ஒரே வைரஸ், நரம்பு, கொப்புளத்து நீர் என்று ஒரு வகுப்பே எடுத்தேன். "ம்" கொட்டிக் கேட்டார்.

"அக்கி ஒட்டாதுங்களே மதினி" என்றார்.

"ஒட்டும் மதினி. அம்மை வராதவங்களுக்கு ஒட்டும்."

பிறகு அவர் குரல் இளகிவிட்டது. "புரியுது மதினி. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். இந்த மனசு யாருக்கு வரும்?"

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அக்கியை அவர் சாக்கு என்று எடுத்துக்கொண்டார். கடைசி நேரத்தில் பேரப்பிள்ளைக்குப் பயந்து, முறைப்படி நானே ஒதுங்கிவிட்டேனாம். மகள் மனசு நோகாமல் இருக்க நோய் என்று ஒரு காரணம் சொல்கிறேனாம். பதறிக்கொண்டு திரும்பக் கூப்பிட்டேன். நான் அதற்காகச் சொல்லவில்லை என்றேன். "விடுங்க மதினி, நான் யார்ட்டயும் எதுவும் சொல்லமாட்டேன்" என்றார். மறுநாளே கறம்பக்குடி முழுக்கச் சொல்லியிருந்தார், அதுவும் என்னைப் புகழ்ந்து. திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். புகழ்கிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

வளைகாப்பை வீடியோ காலில் பார்த்தேன். யாரோ போனை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். பாதித் திரையில் ஒரு பட்டுச் சேலையின் முதுகுதான் தெரிந்தது. மகள் கன்னத்தில் சந்தனத்தோடு அடிக்கடி போன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வேப்பிலைக் காப்பு போட்டார்கள். பிறகு சம்பந்தியம்மா முதல் வளையலை எடுத்தார். "அவ அம்மா பெரிய மனசு பண்ணி ஒதுங்கிட்டாக" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது. நான் மைக்கை அணைத்து வைத்திருந்தேன். "நான் ஒதுங்கலை" என்று என் வீட்டுக்குள்ளேயே கத்தினேன். அன்னவாசலில் கத்தினால் கறம்பக்குடிக்கா கேட்கப்போகிறது?

டெஸ்ட் ரிசல்ட் அதற்கு மறுநாள் வந்தது. மகளுக்கு எதிர்ப்பு இருந்தது. எப்போதோ சின்ன வயதில், ஒரு கொப்புளம்கூட என் கண்ணில் காட்டாமல் அம்மை வந்து போயிருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அப்படியும் நடக்கும். முதலில் எனக்கு நிம்மதி வந்தது. பிறகு மகள் போன் செய்தாள்.

"நீ வந்துருக்கலாம்மா" என்றாள்.

ஆமாம், வந்திருக்கலாம். தெரியாத ஒன்றுக்காகப் போகாமல் இருந்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். சரியாக நடந்துகொண்டதில் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

வலி கொஞ்சம் அடங்கியதும், அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வரக் கார் வைத்துக்கொண்டு போனேன். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல் குலுங்க ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "இப்பப் போடும்மா" என்று அறைக்குள் கூட்டிப் போய்க் கையை நீட்டினாள். கை வீங்கியிருந்தது. மெதுவாக உருட்டி ஒரு வளையலைப் போட்டேன். கதவைச் சாத்திய அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அது வளைகாப்பு இல்லை. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்தது.

கிளம்பும் முன் சொல்லிக்கொள்ளச் சமையல்கட்டுக்குப் போனேன். சம்பந்தியம்மாவின் கொழுந்தன் மனைவி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். சின்ன வயது. கணவன் குவைத்தில் விபத்தில் இறந்த பிறகு, பிள்ளையோடு அந்த வீட்டிலேயே இருக்கிறாள். அவளோடு நான் அதிகம் பேசியதில்லை. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, கூடத்தில் யாரும் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"நீங்க மொத வளையல் போடப்போறீங்கன்னு சொன்னாங்கல்ல மதினி. அப்ப நானும் ஒண்ணு போடலாம்னு இருந்தேங்க. பச்சையில ஒரு ஜோடி தனியா வாங்கி, சேலையெல்லாம் தேச்சு வச்சிருந்தேன்."

"போட்டியா?" என்றேன்.

"அம்புட்டுப் படிச்ச நீங்களே ஒதுங்கிட்டீங்க. நான் எப்படிங்க முன்னாடி போயி நிக்கிறது? இங்கன அடுப்படியிலதான் இருந்தேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். நான் ஒதுங்கவில்லை என்றேன். அக்கியைச் சொன்னேன், வைரஸைச் சொன்னேன், டெஸ்ட்டைச் சொன்னேன். சேலையை விலக்கி, இடுப்பில் கறுத்துக் கிடந்த தழும்பைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். "ரொம்ப எரிஞ்சுச்சாங்க?" என்று கேட்டாள். நான் சொன்னதை அவள் நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன். நம்பிய பிறகும் அவள் முகம் மாறவில்லை.

"எதுவா இருந்தா என்னங்க மதினி, நல்லதாப் போச்சு" என்றாள். "நீங்க வந்திருந்தா நானும் தைரியமா போட்டிருப்பேன். நாளைக்குப் பொறக்குற புள்ளைக்கு ஒரு காச்சல் தலவலின்னாலும் என்னையத்தான் சொல்லுவாக. நீங்க வராததுல நான் தப்பிச்சேன். காப்பியக் குடிங்க, ஆறுது."